முந்திப் பழுத்த கல்யாண வாழை

"மேடம், கொலை நடந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே பாண்டீஸ்வரி எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தாள்.

வாயருகே கொண்டுபோன இட்லியை நான் அந்தரத்தில் நிறுத்தினேன். சௌபர்ணிகா மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரைக்குடியில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில் 'சௌபர்ணிகா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து எங்களுக்கு வந்த பெரிய வழக்கு, காணாமல் போன ஒரு மாப்பிள்ளை. அவரும் தானாகவே திரும்பி வந்துவிட்டதால் ஃபீஸ் தர மறுத்துவிட்டார்கள். இப்போது வாசல் தேடி ஒரு கொலை! எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில்தான்.

"யாரைக் கொன்னுட்டாங்க?" என்றார் மேடம்.

"என் பேரை மேடம். என் பேரைக் கொன்னுபுட்டாக."

நான் இட்லியை உள்ளே தள்ளினேன். போர்டு மாட்டிய நேரமே சரியில்லை.

பாண்டீஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். சிங்கம்புணரிப் பக்கம் குத்தகைக்கு வாழைத்தோப்பு பார்க்கிறாள். கல்யாண வீடுகளுக்குப் பூவன் தார் கொடுப்பதில் இந்த வட்டாரத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. என்றைக்குப் பழம் வேண்டும் என்று சொன்னால் போதும். காயாகவே வெட்டிக்கொண்டு வந்து, கல்யாண வீட்டிலேயே தொங்கவிட்டு, முகூர்த்தத்தன்று காலையில் மஞ்சள் மஞ்சளாகக் கையில் கொடுப்பாள். மாப்பிள்ளை லேட்டாக வருவான், மேளக்காரர் லேட்டாக வருவார், பாண்டீஸ்வரியின் பழம் லேட்டானதில்லை. முந்தியதும் இல்லை, இதுவரை.

"ஞாயித்துக்கிழமை கீழச்சிவல்பட்டியில கல்யாணம் மேடம். சிட்டாள் ஆச்சி மக மீனுவுக்கு. தாரு பூராவும் போன வாரமே கொண்டுபோயித் தொங்கவிட்டேன். இன்னைக்கு வியாழக்கிழமை. காலைல போயிப் பாத்தா அம்புட்டும் பழுத்துத் தொங்குது! ஞாயித்துக்கிழமைக்குக் கூழாத்தேன் இருக்கும். கண்ட மருந்தையும் அடிச்சுக் கொண்டாந்துட்டேன்னு ஆச்சி சொல்றாக. எங்கிட்ட மட்டும் சொன்னாக்கூடப் பரவால்ல. வாட்ஸ்அப்புல பேசிப் போட்டுட்டாக."

"எந்த குரூப்ல?"

"அவுக சொந்தக்காரவுக குரூப்புல. இங்கிருந்து சிங்கப்பூரு வரைக்கும் எல்லாரும் அதுல இருக்காக. ஆவணிக்குப் பேசி வச்ச கல்யாணம் ஒண்ணொண்ணா வேணாம்னு போன் வருது." அவள் போனை எங்கள் மேஜைமேல் வைத்தாள். "தோப்புகூட எனக்குச் சொந்தமில்ல மேடம். சொந்தமா இருந்தது இந்தப் பேரு ஒண்ணுதேன்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முத்துக்கண்ணா, வண்டியை எடு."

"இன்னும் ரெண்டு இட்லி இருக்கு மேடம்."

"அது பழுக்காது. வந்து சாப்பிடலாம்."

* * *

கீழச்சிவல்பட்டியில் அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் கழற்றிவிட்ட செருப்பை நினைத்துக்கொண்டே பின்கட்டு வரைக்கும் நடப்பதற்குள் கால் வலித்துவிடும். பந்தல்காரர்கள், சமையல்காரர்கள், வெளியூர்ச் சொந்தங்கள் என்று எங்கு பார்த்தாலும் தலை. நடுவில் சிட்டாள் ஆச்சி, மகள் கல்யாணத்தைத் தனி ஆளாக அதட்டி நடத்திக்கொண்டிருந்தார்.

ஆச்சிக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஆள் சிறிசு, குரல் பெரிசு. இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் ஒரு குட்டிப் பை. அதில் கல்யாண நகை இருக்கும் என்று நான் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் விரலைப் பிடித்து இழுத்து, பைக்குள்ளிருந்து எதையோ எடுத்துச் சுருக்கென்று குத்திவிட்டார்.

"ஆத்தாடி!"

"நூத்தி முப்பத்தஞ்சு" என்றார் ஆச்சி, கையிலிருந்த சுகர் மெஷினைப் பார்த்து. "காலைல என்ன தின்ன?"

"இட்லி ஆச்சி."

"கொறைச்சுக்க."

ஊர் உலகத்தில் கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிப்பார்கள். இங்கே ரத்தம் எடுக்கிறார்கள். பிறகுதான் விவரம் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஆச்சி தலையெடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் சீனி டப்பாவே கிடையாது. பழம் என்றால் கொய்யா, அதுவும் பாதி. கல்யாண வாழைகூட வருகிற விருந்தாளிகளின் தாம்பூலப் பைக்குத்தான். வீட்டு ஆட்கள் அதைத் தொட்டால் விரல் பஞ்சராகும்.

ஆச்சியின் கணவர் மீனாட்சிசுந்தரம் ஊருக்கே பெரிய மனிதர். ஊஞ்சலில் உட்கார்ந்து, பால் இல்லாத, சீனி இல்லாத, தூளும் அதிகம் இல்லாத ஒரு திரவத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "காபி சாப்பிடுறீகளா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்று கும்பிட்டேன்.

"துப்பறிய வந்தீகளா? தாராளமாப் பாருங்க" என்றார் ஆச்சி மேடத்திடம். "ஆனா நான் காலைலயே கண்டுபுடிச்சிட்டேன். இவ மருந்து வச்சிருக்கா. ஒவ்வொரு தாருலயும் ஊதாக் கலர்ல பொட்டலம் கட்டித் தொங்கவிட்டுருக்கா. வேற பழத்துக்கு வீரையாவ வரச் சொல்லியாச்சு."

"ஆச்சி, அது மருந்தில்ல ஆச்சி..." என்றாள் பாண்டீஸ்வரி.

"நீ பேசாத. எம்மக கல்யாணத்துல அழுகுன பழத்தக் குடுத்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக?"

பாண்டீஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். எனக்கு இட்லி போன கோபமும் சேர்ந்துகொண்டது.

* * *

வாழை தொங்கியது இரண்டாம் கட்டில் இருந்த ஒரு நீளமான அறையில். கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. உத்தரம் முழுக்கக் கயிறு கட்டி வரிசையாகத் தார்கள். எல்லாம் தங்கமாகப் பழுத்திருந்தன. என் கை தன்னிச்சையாக ஒரு சீப்பை நோக்கிப் போனது. பாண்டீஸ்வரி பட்டென்று தட்டிவிட்டாள்.

"சாட்சியைத் திங்காதே" என்றார் மேடம்.

பாண்டீஸ்வரி ஒரு ஊதாப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். "வெட்டுன காயி தன்னால ஒரு வாயுவ விடும் மேடம். அந்த வாயுதேன் காயப் பழமாக்குறது. இந்த ஊதாப் பொட்டலம் அந்த வாயுவ உறிஞ்சிக்கிரும். காயி காயாவே நிக்கும். வெள்ளிக்கிழமை காலைல இத எடுத்துட்டு, வெள்ளப் பொட்டலத்தத் தண்ணில நனைச்சு வைப்பேன். அது அதே வாயுவ விடும். ஞாயித்துக்கிழமை பழம் ரெடி. ரெண்டும் சர்க்காரு அனுமதிச்சதுதேன், காயில படக்கூட விடமாட்டேன்."

"தூங்க வைக்க ஊதா, எழுப்பி விட வெள்ளை" என்றேன்.

"உன்னை எழுப்பி விடத்தான் இன்னும் ஒண்ணும் வரலை" என்றார் மேடம். "பாண்டீஸ்வரி, உங்க வெள்ளைப் பொட்டலம் எங்கே?"

அவள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். ஒட்டிய ஒட்டு பிரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, "வணக்கம், வணக்கம்!" என்று ஒரு குரல். தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். பழ வியாபாரி வீரையா. பாண்டீஸ்வரிக்கு இந்தக் கல்யாணம் போனால் யாருக்கு லாபமோ அந்த ஆள். அவர் சட்டைப் பையில் என்ன துருத்திக்கொண்டிருந்தது தெரியுமா? வெள்ளைப் பொட்டலம்!

ஒரே தாவல். காலரைப் பிடித்துவிட்டேன். "மேடம், கேஸ் முடிஞ்சுபோச்சு! வீட்டுக்குப் போலாம்!"

"யோவ், விடுய்யா! பழ யாவாரி பையில இது இருக்காம பல்பொடியா இருக்கும்? இந்த வீட்டுக்குள்ள நான் இன்னைக்குத்தேன்யா கால் வைக்கிறேன். வாசல்ல பந்தல்காரவுகளக் கேளு!"

மேடம் என் கையை விலக்கிவிட்டார். "நீங்க வந்திருக்க மாட்டீங்க. உங்க பொட்டலம் வந்துச்சா?"

வீரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"வந்துச்சு" என்றார். "இந்த வீட்டுல ஒருத்தவுகளுக்கு வித்தேன். ஆனா யாருன்னு கேக்காதீக. பிள்ளையார்பட்டிப் பக்கமாத் திரும்பி நின்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"அதச் சொல்லிட்டா அப்பறம் சத்தியம் எதுக்குங்க?"

மனுஷனிடம் அதற்கு மேல் பெயரவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிற வியாபாரியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அதுவும் எங்களுக்கு எதிராகவா காப்பாற்ற வேண்டும்?

மேடம் அவரை விட்டுவிட்டு, தார்களுக்கு நடுவே மெதுவாக நடக்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் நின்று கூப்பிட்டார். "முத்துக்கண்ணா, வாசல் பக்கம் தொங்குற பொட்டலம் என்ன நிறம்?"

"ஊதா."

"நடுவில?"

"ஊதாவும் இல்லாம, பழுப்பும் இல்லாம ஒரு மாதிரி."

"இங்கே, சுவர் ஓரமா?"

போய்ப் பார்த்தேன். "சுத்தப் பழுப்பு மேடம். கடுங்காப்பி."

பாண்டீஸ்வரி ஓடி வந்தாள். "ஆத்தீ! வாயுவக் குடிச்சு வயிறு ரொம்பிப்போனாத்தேன் இப்படிப் பழுப்பாகும். என் வாழை விடுற வாயுவுக்கு இது வாரக்கணக்கா வேல செய்யும் மேடம். அதுக்குள்ள எப்படி?"

"உங்க வாழை விடுற வாயுவை மட்டும் குடிக்கலை. சுவர் ஓரத்துல இருக்கிறதுக்கு யாரோ தனியாப் பந்தி போட்டிருக்காங்க." மேடம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். சுவரின் உச்சியில் கலர்க் கண்ணாடி வைத்த ஒரு ஜன்னல். அதில் ஒரு கண்ணாடி உடைந்து ஓட்டையாக இருந்தது. "அந்தப் பக்கம் என்ன அறை?"

பாண்டீஸ்வரிக்கும் வீரையாவுக்கும் தெரியவில்லை. நேராக ஊஞ்சலுக்குப் போய்க் கேட்டோம்.

* * *

"இராமு புள்ளி அறை" என்றார் மீனாட்சிசுந்தரம் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

இந்த மாதிரி வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. இராமு அவருக்குச் சித்தப்பா மகன். சிங்கப்பூரில் இருக்கிறார். அறைச் சாவி பத்திரத்துக்காக ஆச்சியின் கொத்தில் தொங்கும். ஆனால் அவர் இல்லாதபோது அறையைத் திறக்கிற வழக்கம் இந்த வீட்டிலேயே கிடையாதாம்.

மேடம் அந்தக் கதவருகே போய் மூச்சை இழுத்தார். "மாம்பழ வாசனை வருதே?"

அவ்வளவுதான். முறத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு சொந்தக்காரப் பெண்மணி, "நான் வந்த நாள்ல இருந்து வருது" என்றார். இன்னொருவர், "எனக்குந்தேன் வந்துச்சு. கமகமன்னு" என்றார். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். வீட்டில் இருந்த அத்தனை மூக்குக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப ஏன் யாரும் கேக்கலை?" என்று நான் கத்தியே விட்டேன்.

முறத்துக்காரப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாருக்கே! அடுத்த புள்ளி அறையில என்ன வாசன வருதுன்னு கேக்கலாமா? நாளைக்கு நம்ம அறையில வர்றத அவுக கேட்டா?"

மரியாதை! ஒரு கூடை மூக்கு இருந்தும் கேட்பதற்கு ஒரு வாய் இல்லை. இந்த மரியாதையால்தான் பாண்டீஸ்வரி கெட்ட பேரோடு நிற்கிறாள்.

"உங்களுக்கு வரலையா ஆச்சி?" என்றார் மேடம்.

"எனக்கா? எனக்குச் சளி புடிச்சிருக்கு" என்றார் ஆச்சி. "பூட்டுன அறைக்குள்ள என்ன இருக்கப்போகுது? போயி வேலையப் பாருங்க."

"இராமு சித்தப்பாவக் கேப்போமே" என்று கல்யாணப் பெண் மீனு செல்போனை எடுத்துவிட்டாள். வீடியோவில் டை கட்டிக்கொண்டு இராமு வந்தார். மீட்டிங்கில் இருக்கிறாராம். விஷயத்தைச் சொன்னதும், "தாராளமாத் தொறங்க. என் பீரோவ மட்டும் தொறக்காதீக" என்று சொல்லிவிட்டு, லைனைத் துண்டிக்காமல் அவரும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

ஆச்சி சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைப் போட்டுத் திருகினார். சேரவில்லை. அடுத்தது. சேரவில்லை. "எந்தச் சாவின்னே தெரியல. தொறந்து வருசக்கணக்காச்சு" என்றார்.

மேடம் கொத்தை வாங்கினார். எல்லாச் சாவியும் கறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் பளபளவென்று மின்னியது. மேடம் அதைப் போட்டார். பூட்டு வெண்ணெயாகத் திறந்தது.

"வருஷக்கணக்காத் தொறக்காத அறைச் சாவி இவ்வளவு மினுமினுன்னு இருக்கு" என்றார் மேடம், பொதுவாகச் சொல்வதுபோல.

உள்ளே வரிசையாகப் பெட்டிகள். கதவோரப் பெட்டியில் மஞ்சள், அடுத்ததில் இளமஞ்சள், அதற்கடுத்ததில் பச்சை. எல்லாம் மாங்காய், மாம்பழம். ஒவ்வொரு பெட்டி ஓரத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டலம். நடுவில் ஒரு முக்காலி, ஒரு தட்டு, ஒரு பேனாக்கத்தி, கை துடைக்க ஒரு துண்டு. வாளி நிறையத் தோலும் கொட்டையும்.

"என் அறையா அது?" என்றது சிங்கப்பூர்.

பாண்டீஸ்வரி பெட்டிகளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மேடம், ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டலத்த ஒருநாள் தள்ளித் தள்ளி வச்சிருக்காக. தெனம் ஒரு பெட்டிதேன் பழுக்கும். எதுவும் வீணாகாது, எதுவும் கிடந்து அழுகாது. இத்தன வருசமா இந்தத் தொழில் பாக்குறேன், எனக்கு இந்த யோசனை வரலையே! இதுல கெளம்புன வாயுதேன் ஓட்ட வழியா வந்து என் வாழைய எழுப்பிவிட்டுருச்சு."

"இது ஊறுகாய்க்குன்னு வந்த மாங்கா!" என்று சமையல்காரர் பின்னாலிருந்து கூவினார். "காயா வந்து இறங்குச்சு. அப்பறம் எங்க போச்சுன்னே தெரியல."

நான் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மேடம், இது காசாலட்டு! மாம்பழத்துலயே தித்திப்பான ரகம். இதுல எவனாச்சும் ஊறுகா போடுவானா?"

"போடமாட்டான்" என்றார் மேடம். "ஆனா பழம் நுழைய முடியாத வீட்டுக்குள்ள காய் நுழையலாம். ஊறுகாய்க்குன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க. காயா உள்ள வந்து, ரகசியமாப் பழமாயிருக்கு."

பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. மீனாட்சிசுந்தரம் எழுந்து வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நாந்தேன்" என்றார். "நாந்தேன் தின்னேன். அவ குளிக்கப் போறப்ப சாவிய எடுத்துக்குவேன்."

ஆச்சி ஒரு கணம் விழித்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! "ஐயையோ, உங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்? பாகற்காயில எத்தன வகை செஞ்சு போட்டேன்!" அந்தத் தெருவுக்கும் கேட்டிருக்கும், இந்தத் தெருவுக்கும் கேட்டிருக்கும். பெரியவர் ஆடாமல் அசையாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

திட்டி முடித்துவிட்டு ஆச்சி பாண்டீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "சரி, போகட்டும். வாழைக்கு உண்டானத வாங்கிக்க. ஒரு பட்டுச் சேலையும் தாரேன். குரூப்புல ஒண்ணும் போட வேணாம். சம்பந்தி வீட்டுக்காரவுகளும் அதுல இருக்காக. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்."

"எனக்குச் சேல வேணாம் ஆச்சி." பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆள் நடுங்கவில்லை. "நீங்க பேசிப் போட்டத நீங்களே மாத்திப் பேசிப் போடுங்க. எனக்கு எம்பேரு வேணும். குடுத்தீகன்னா போயிர்றேன்."

"எங்க வீட்டுக்காரரு ஒளிஞ்சு ஒளிஞ்சு மாம்பழம் தின்னாருன்னு ஊரெல்லாம் நான் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம் ஆச்சி" என்றார் மேடம். "அவர் திங்கலை."

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் ஆச்சியின் குட்டிப் பையைச் சுட்டிக்காட்டினார். "ஐயா விரல்ல ஒரு குத்து குத்துங்க, பார்ப்போம்."

ஆச்சி தயங்கினார். மீனு சடாரென்று பையைப் பிடுங்கி, அப்பாவின் விரலில் குத்தினாள். மெஷின் யோசித்தது. சிங்கப்பூரும் யோசித்தது.

"நூத்தி ஆறு!" என்றாள் மீனு.

"தினம் ஒரு பெட்டி காசாலட்டு தின்ன உடம்புக்கு நூத்தி ஆறு" என்றார் மேடம்.

"நான் தெனம் நடக்கிறேன்ல" என்றார் பெரியவர்.

"எங்கே நடக்குறீங்க?"

அவர் ஊஞ்சலைப் பார்த்தார்.

"இப்ப ஆச்சி கையைக் கொடுங்க."

"அதுல பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றார் ஆச்சி, ஓர் அடி பின்னால் போய்.

"இப்பத்தான ஆச்சி வேல செஞ்சுச்சு? என்னையக் குத்தும்போதும் நல்லாத்தேன் இருந்துச்சு" என்றேன் நான். சும்மா இருப்பேனா? என் விரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

மீனு அம்மாவின் கையைப் பிடித்துக் குத்தினாள். பார்த்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "அம்மா! நானூத்திப் பன்னெண்டு!"

வீரையா இரண்டு கையையும் மேலே தூக்கினார். "நான் சொல்லல. எல்லாரும் பாத்துக்கங்க, நான் ஒரு வார்த்த சொல்லல!"

ஆச்சி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"இந்த வீட்டுல ஒருத்தரையும் நான் திங்க விடல" என்றார் மெதுவாக. "அப்பறம் நான் மட்டும் எப்படி எல்லாரு முன்னாடியும் திங்கிறது? ஒரே ஒரு பழம்னுதேன் நெனச்சேன். ஒண்ணு தின்னா நிறுத்த முடியல. ஆசையா இருந்துச்சு. அம்புட்டுத்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் மீனாட்சிசுந்தரம்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்தே. மத்தியானத்துக்கு மேல உன் மூஞ்சி அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. அதப் போயிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நான் பொதுவாகக் கல் நெஞ்சுக்காரன். ஆனால் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மீனு மட்டும், "நாளைக்குக் காலைல டாக்டர்ட்ட போறோம்" என்று கண்டிப்பாகச் சொன்னாள். அம்மாவின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது.

பாண்டீஸ்வரி கதவோரத்தில் நின்று ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சியும் அவளைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எம் போனக் குடு" என்றார்.

"எல்லாருக்கும் சிட்டாள் பேசுறேன்" என்று ஆரம்பித்தார், போனை வாயருகே பிடித்து. "பாண்டீஸ்வரி வாழையில ஒரு குத்தமும் இல்ல. அவ எந்த மருந்தும் அடிக்கல. எங்க வீட்டுல ஒருத்தி ஒளிச்சு வச்சு மாங்கா பழுக்க வச்சா. அந்தக் காத்துப் பட்டு வாழையும் பழுத்துப்போச்சு." நிறுத்தினார். கட்டைவிரல் லேசாக எழும்பியது. இதோடு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அந்த ஒருத்தி நாந்தேன். எனக்குச் சுகரு நானூத்திப் பன்னெண்டு. சிரிக்கிறவுக சிரிச்சுக்கங்க. ஆனா நான் ஒருத்தி மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன். வாழை வேணுங்கிறவுக அவகிட்டயே சொல்லுங்க. நானும் அவகிட்டத்தேன் வாங்குறேன்."

விரலை எடுத்தார். போய்விட்டது.

பிறகு வீட்டிலிருந்த எல்லாப் போனும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. முதலில் சிங்கப்பூர்: "ஆச்சி, பீரோவுக்குப் பின்னாடி நான் ஒரு மைசூர்பாகு டப்பா வச்சிருக்கேன், எறும்பு வந்துச்சான்னு பாருங்க." அடுத்து தேவகோட்டையிலிருந்து ஒருவர், தான் வாஷிங் மெஷினுக்குள் பலாச்சுளை வைத்துத் தின்பதாகச் சொன்னார். ஆளாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் நிலையத்துக்கு இவ்வளவு வாக்குமூலம் ஒரே நாளில் கிடைத்ததே இல்லை. கடைசியாகச் சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தி, அந்தக் காசாலட்டு மிச்சம் இருக்கா? இவுகளுக்குத் தெரியாம ரெண்டு எடுத்து வைங்க."

பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. ஆவணிக் கல்யாணக்காரர்கள், காலையில் வேண்டாம் என்று சொன்ன அதே நம்பர். அவள் எடுக்கவில்லை. திரையில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆச்சி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் பழம்?" என்றார் வீரையா.

"நீங்க சத்தியத்தக் காப்பாத்துனதே போதும், கெளம்புங்க" என்றேன்.

பழுத்த தார்களைப் பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் பெரியவர். நான் தூணோரமாக ஒரு சீப்போடு உட்கார்ந்தேன். மீனு மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடுவது தெரிந்தது. நகர்ந்து மேடத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏத்தா பாண்டீஸ்வரி" என்றார் ஆச்சி, தயங்கித் தயங்கி. "ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்யிறது? தாம்பூலத்துக்குப் பழம் வேணுமே. இனி வெட்டுனா பழுக்குமா?"

பாண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகினாள். அப்போதுதான் அவள் முகத்தில் அந்தத் தொழில்காரி திரும்பி வந்தாள்.

"தோப்புல தாரு நிக்கிது. இப்பவே போயி வெட்டி, சாயங்காலம் வெள்ளப் பொட்டலம் வச்சு மூடிருவேன். என் வாழை நான் சொல்ற அன்னைக்குத்தேன் பழுக்கும் ஆச்சி. நீங்க மட்டும் ஞாயித்துக்கிழம வரைக்கும் மாம்பழமும் கையுமா அங்குட்டு எட்டிப் பாக்காதீக."